வானொலிக்குக் கிடைத்த 35 நொடி

ஆசிரியருக்கு,

கனடியன் ஃபுட்பால் லீக்கின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும், அமெரிக்க ஃபுட்பாலைப் போன்ற ஆட்டம்) புதிய விதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு கணக்கு இடறுகிறது. பிளே கடிகாரம், அதாவது அடுத்த பிளேயைத் தொடங்க அணிக்குத் தரும் நேரம், 20 நொடியிலிருந்து 35 ஆவதால் வானொலி வர்ணனையாளருக்கு ஒவ்வொரு முறையும் 15 நொடி கூடுதலாகக் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய 20 நொடி, நடுவர் விசில் ஊதிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்த விசில் ஒரு தடவை சீக்கிரம் வரும், ஒரு தடவை தாமதமாகும். 2026 முதல் வரும் 35 நொடியோ முந்தைய பிளே நின்றதுமே தானாக ஓடும். இடைவெளி 15 நொடி நீளவில்லை. அது எவ்வளவு என்பது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வர்ணனைப் பெட்டிக்கு அதுவே பெரிய லாபம். முதல் எட்டு நொடி முதன்மை வர்ணனையாளருக்கு: யார் பிடித்தார், யார் மடக்கினார், எத்தனை யார்ட், இப்போது எந்த டவுன் (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கும் முயற்சி). நடுவில் உடனிருக்கும் முன்னாள் வீரர் பேசலாம். கடைசிப் பத்து நொடியில் அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கனடிய ஆட்டத்தில் பந்து எடுக்கும் முன்பே பின்வரிசை வீரர்கள் பந்து இருக்கும் கோட்டின் பக்கம் ஓடி வரலாம். அதைச் சொல்லாவிட்டால் கேட்பவருக்குப் பாதி ஆட்டம் போயிற்று. மூன்றே டவுன் என்பதால் "செகண்ட் அண்ட் செவன்" (இரண்டாவது டவுன், இன்னும் ஏழு யார்ட்) என்ற மூன்று சொல் விடுபட்டாலே அடுத்து பண்ட், அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவது, வருமா என்று கணிக்க முடியாது.

அதிகம் தவறுவது இடம் சொல்வதில். 110 யார்ட் மைதானத்தில் நடுக்கோடு 55. அதற்கு இரு பக்கமும் 35-யார்ட் கோடு உண்டு. "35-இல் பந்து" என்றால் யாருடைய 35? கடைசி டவுனில் சொந்தப் பக்கம் என்றால் பெரும்பாலும் உதைத்துத் தள்ளத்தான் வழி. எதிரணிப் பக்கம் என்றால், கோல் கம்பம் கோல் கோட்டிலேயே நிற்பதால், பந்தை ஏழு யார்ட் பின்னால் வைத்து 42 யார்டில் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது). 2027-இல் மைதானம் 100 யார்ட் ஆகி, கம்பம், கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள 15 யார்ட் எண்ட் ஸோனின் பின்கோட்டுக்குப் போகும்போது அதே உதை 57 யார்ட். பழைய வாய்ப்பாடு மனப்பாடமாக இருப்பவர்கள் அந்த சீசனில் தடுமாறுவார்கள்.

ரூஜ் புள்ளியும் (எண்ட் ஸோனுக்குள் உதைத்த பந்துக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி) இனி காதுக்குச் சிக்கல். யாரும் தொடாமல் பந்து எண்ட் ஸோனைக் கடந்து வெளியே போனால் புள்ளி இல்லை; பெறுபவர் உள்ளே பிடித்து வெளியே கொண்டுவரத் தவறினால் உண்டு. அதனால் பந்து எங்கே போனது என்று மட்டும் சொன்னால் போதாது, கை பட்டதா என்றும் சொல்ல வேண்டும்.

வின்னிபெக்கில் 1974 முதல் 2021 வரை உள்ளூர் அணியான புளூ பாம்பர்ஸ் ஆட்டங்களை சிஜேஓபி 680 வானொலியில் வர்ணித்தவர் பாப் இர்விங். அத்தனை ஆண்டு ஒரே குரல் என்றால், எந்தத் தொனிக்கு என்ன பொருள் என்று ஊருக்கே பழகிவிடும். அந்த வசதி இல்லாத புதியவர்கள் ஸ்கோரையும் மீதி நேரத்தையும் அடிக்கடி சொல்லித்தான் தீர வேண்டும். பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதற்கென்றே மேசையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் வைத்திருந்தார்.

"டிவியை ஊமையாக்கிவிட்டு செயலியில் கேளுங்கள்" என்ற உங்கள் யோசனைக்கும் ஒரு திருத்தம். செயலியின் ஒலி பெரும்பாலும் படத்துக்குப் பின்தங்கியே வரும். கிக்காஃப் படத்தில் டிவியை நிறுத்தி, உதைத்த செய்தி காதில் விழுந்ததும் ஓடவிட்டால் பொருந்தும். ஏஎம் வானொலியில் இது நேர்மாறு: ஒலி முந்திவிடும், அதை நிறுத்திவைக்க வழியில்லை. மைதானத்துக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு ஏஎம்தான் சரி. வீட்டில் இரைச்சல் வந்தால் முதலில் பக்கத்து எல்இடி விளக்கையும் சார்ஜரையும் அணையுங்கள். பிறகு பெட்டியை மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பிச்சுருளுக்குத் திசை முக்கியம்.

நீளம் முன்னாலேயே தெரிந்த இடைவெளியை விளம்பரதாரரும் கண்ணில் வைத்திருப்பார். "இந்த ஃபர்ஸ்ட் டவுனை உங்களுக்கு வழங்குவது..." என்று பத்து நொடி போனால், மேலே சொன்ன யாருடைய 35 என்பதற்கு இடமிருக்காது. விளம்பரத்தை டைம் அவுட்டிலும் கால் பகுதி முடிவிலும் வைக்கட்டும்.

வாசகர்,
வின்னிபெக்