பனியன் கணக்கு

ஸ்ரீரங்கம்,
தை 12

அன்புள்ள சேது,

நாலு மாதமாக ஒரு வரி போடவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். கண் ஆபரேஷன் ஆன கதை போனிலேயே சொல்லியாயிற்று. மாடிக்காரர் இன்னும் காலி பண்ணவில்லை. இதைப் போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

கார்த்திகை கடைசியிலிருந்தே எனக்கு ராத்திரியில் வேர்த்துக்கொண்டிருந்தது. முதலில் பையன் வாங்கிப்போட்ட பஞ்சு மெத்தையைக் குற்றம் சொன்னேன். பாயில் படுத்துப் பார்த்தேன். அப்புறம் மங்கி குல்லாவைக் கழற்றினேன். மார்கழிப் பனியில் ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தால் கமலா சும்மா இருப்பாளா? "உங்க ஒருத்தருக்கு மட்டும் சித்திரையா?" என்றாள். தலையணை உறை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்தது. காலையில் எழுந்தால் தலைவலி வேறு. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி இரண்டரை மணி. நான் எழுந்து உட்கார்ந்து, "அரியலூர் பை எங்கே? லால்குடி கட்டியாச்சா?" என்று சத்தம் போட்டிருக்கிறேன். ரயிலில் தபால் பிரித்த பழைய ஆர்.எம்.எஸ். வேலைக் கனவு என்று கமலா சிரித்திருக்கிறாள். நெற்றியைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்ததாம். சுகர் மெஷினில் குத்திப் பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவை வைத்துப் பார்த்தவள் ஆயிற்றே. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தால் நான் டம்ளரைத் தள்ளிவிட்டு, இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் குடிப்பேன் என்றேனாம். "போட்டாச்சு, குடிங்க" என்றாளாம். கால் மணி கழித்து 81. அப்புறம் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட். எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நினைவு இருந்ததால் குடித்தேன். தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

காரணம் கேள். நம்ம பாஷ்யம் பேச்சைக் கேட்டுப் புரட்டாசியிலிருந்து ஆறரைக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு மணி சுகர் மாத்திரையை மட்டும் விடவில்லை. அந்த கிளிமிபிரைடு இருக்கிறதே, நீ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காதாம். கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்குமாம். கிட்னி சரியாக இருந்தால் மருந்து வேளைக்கு வெளியேறிவிடும். என் கிரியேட்டினின் 1.8, கிட்னி மந்தம் என்று அர்த்தம். அதனால் மருந்து உள்ளேயே தங்கி நடு ராத்திரியில் வேலையைக் காட்டியிருக்கிறது. மூன்று வருஷத்துச் சீட்டு, காட்டினால் கடைக்காரர் பட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார். டாக்டரிடம் போகாதது என் கொழுப்புதான், அவரைச் சொல்லி என்ன?

இன்னொன்று. சுகர் இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்பார்களே, எனக்கு இரண்டும் இல்லை. பிரஷருக்குப் போடும் மெட்டோபிரலால் அதையெல்லாம் அமுக்கிவிடுமாம். வேர்வையை மட்டும் அதனால் அமுக்க முடியாதாம். மற்ற தபாலெல்லாம் வழியில் நின்றுபோய் அது ஒன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதையும் நான் மெத்தை விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினேன்.

மூன்று மாதச் சுகர் கணக்கு (ஹெச்.பி.ஏ1சி) 6.1 என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திட்டினார். இந்த வயசில், இந்தக் கிட்னியோடு ஏழரை இருந்தாலே போதும், இந்தக் கணக்கே வெறும் சராசரிதான், ராத்திரிப் பள்ளம் அதில் தெரியாது என்றார். ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். மூணு நாள் விடியற்காலை மூணு மணிக்குக் குத்திப் பார்க்கச் சொன்னார். இப்போது வேர்ப்பதில்லை.

சரி, என் கதை இத்தோடு முடிந்தது. உன் கதைக்குத்தான் இவ்வளவு முன்னுரை.

பொங்கலன்று போனில் ராத்திரி வேர்வை என்று ஆரம்பித்தேன். "எனக்குந்தாண்டா, ரெண்டு பனியன் மாத்தறேன்" என்று சிரித்தாய். வீடு நிறைய ஆட்கள், நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சுகருக்கு உனக்கு வெறும் மெட்ஃபார்மின் மாத்திரைதானே? தனியாகச் சாப்பிட்டால் அது சுகரை இப்படிக் கவிழ்ப்பது அபூர்வம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உனக்கு ஏன் வேர்க்கிறது?

அன்றைக்கு டாக்டர் என்னை வரிசையாகக் கேட்டார். எடை குறைந்ததா? சாயந்திரம் காய்ச்சல் மாதிரி வருகிறதா? இருமல்? குறட்டை? தைராய்டு? மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிறீர்களா? நான் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். உன் போனுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு கேள்விக்கும் நீ வந்து நின்றாய். ராமு வீட்டுக் கல்யாணத்தில் உன் சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகும்போல இருந்தது. டயட் என்றாய். பந்தியில் மூணு ஜாங்கிரி தின்ற டயட்! சாப்பாடு முழுக்க இருமினாய். பனி என்றாய். சர்க்கரை உள்ளவனுக்கு டி.பி. பிடிக்க மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு. அதுதான் என்று நான் சொல்லவில்லை. குறட்டையாகவும் இருக்கலாம், உன் குறட்டைக்கு விழுப்புரம் பிளாட்பாரமே சாட்சி. ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளி எடுத்துப் பார்க்க அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. இருந்தால் ஆறு மாத மாத்திரை, சரியாகிவிடும். விட்டால் உன் பேத்திக்கும் ஒட்டும்.

இன்னொன்றைச் சொல்லக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கணபதியண்ணன். அன்றைக்கு வண்டியில் அவர் சட்டை தொப்பலாக நனைந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். வலிக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றார். வாயு என்று கோலி சோடா வாங்கிக் கொடுத்தது நான். சர்க்கரைக்காரனுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? வேர்வையோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சை அடைத்தாலோ விடியட்டும் என்று உட்காராதே. 108-ஐக் கூப்பிடு. தங்கச்சியிடமும் சொல்லி வை.

பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே. புதன்கிழமை வைகையில் வருகிறேன். மறுநாள் காலையில் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். புதன் ராத்திரி உன் அறையிலேயே எனக்கும் ஒரு பாய் போடச் சொல். எத்தனை பனியன் மாற்றுகிறாய் என்று நானே எண்ணிக்கொள்கிறேன்.

உன்,
ரங்கன்