ஒரு ராத்திரி போதாது, ஏழு ஆட்டம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் காசுக்கு ஆடும் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் உயிரே இல்லை, கல்லூரி ஆட்டத்தில்தான் உயிர் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் இருப்பது வட கரோலினாவில், கேரி என்ற ஊரில். ஒரு பக்கம் டியூக் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம்; டியூக் அணிக்கு அடர் நீலம், சேப்பல் ஹில்லுக்கு வெளிர் நீலம். இங்கே முடி வெட்டப் போனாலும் நீங்கள் அடர் நீலமா வெளிர் நீலமா என்றுதான் முதலில் கேட்பார்கள். என் மகளும் சேப்பல் ஹில்லில்தான் படிக்கிறாள், சம்பளத்தில் பாதி அங்கேதான் போகிறது. இருந்தாலும் எனக்கு என்.பி.ஏ.தான்.

மார்ச் மாதம் கல்லூரிகளின் கோப்பைப் போட்டி வந்துவிட்டால் 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், அதுதான் அதன் அழகு என்கிறார்கள். 2018ல் யு.எம்.பி.சி. என்ற அணி வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்துக் காயப்போட்டது. ஆண்கள் போட்டியில் கடைசித் தரவரிசையான 16ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. நானும் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் கோப்பையை வாங்கியது யார்? அதே வர்ஜீனியா. ஒரு ராத்திரி பந்து வளையத்தில் பட்டுப் பட்டு வெளியே போனால் கதை முடிந்தது என்றால், அது நல்ல கூத்துதான், யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதற்கு அது பதில் ஆகாது.

என்.பி.ஏ.வின் ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கு ஜெயிப்பவருக்கே வெற்றி, அப்படித் தப்பிக்க முடியாது. 2016 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டன் ஸ்டேட் அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 73 ஜெயித்த அணி, தொடரிலும் 3-1 என்று முன்னால் இருந்தது. கிளீவ்லண்ட் அங்கிருந்து எழுந்து ஏழாவது ஆட்டம் வரை கொண்டுவந்துவிட்டது. 89-89. அதற்கப்புறம் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு கூடை விழவில்லை. எல்லோருக்கும் கிளீவ்லண்டின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பந்தைப் பலகையில் அறைந்த அந்தத் தடுப்புதான் நினைவிருக்கும். எனக்கு அதற்கு அடுத்தது. கிளீவ்லண்டின் கைரி ஐர்விங் பந்தோடு நிற்கிறார், கோல்டன் ஸ்டேட்டின் கிளே தாம்ப்சன் அவரை மறித்து நிற்கிறார். ஐர்விங்கின் சகா ஜே.ஆர். ஸ்மித் வந்து தாம்ப்சனுக்குக் குறுக்கே நிற்கிறார், ஏனென்றால் ஸ்மித்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரி; தாம்ப்சன் மாட்டிக்கொண்டால் ஆள் மாறி அவர்தான் வர வேண்டும். இப்போது ஐர்விங் எதிரில் கரி. வலது பக்கம் ஒரு தட்டு, ஒரு எட்டுப் பின்னால், மூன்று புள்ளி. தடுப்பில் சுலபமான ஆள் என்று கரியைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவதைத் தொடர் முழுக்கச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எதிராளிக்கும் தெரியும், பார்க்கிற எனக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அந்த ருசி.

அப்புறம் ஆட்டத்தின் தரம். கல்லூரியில் பந்து கைக்கு வந்தால் கூடையை நோக்கி எறிய 30 நொடி நேரம் உண்டு, என்.பி.ஏ.வில் 24. மூன்று புள்ளிக் கோடு அங்கே கூடையிலிருந்து 22 அடி சொச்சம், இங்கே நடுவில் 23 அடி 9 அங்குலம். யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு அடியிலேயே மூன்று நொடிக்கு மேல் நிற்கவும் இங்கே விட மாட்டார்கள். அதனால் திடலில் இடம் கிடைக்கிறது, அந்த இடத்தில் டென்வர் அணியின் நிக்கோலா யோக்கிச் மாதிரி ஒரு ஆள் விளையாடுகிறார். செர்பியாக்காரர், அமெரிக்கக் கல்லூரி வாசலை மிதிக்காதவர், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2014ல் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். மூன்று முறை வருடத்தின் சிறந்த வீரராகிவிட்டார். சார்லட்டில் ஒரு தடவை நேரில் பார்த்தேன். பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி சும்மா நிற்கிறார். முகம் ஒரு பக்கம், பாஸ் இன்னொரு பக்கம், அங்கே ஓடிவருபவரின் கைக்குச் சரியாகப் போய்ச் சேருகிறது. பக்கத்து சீட்காரர் எதிரணியான சார்லட் ஹார்னெட்ஸின் ரசிகர், அவரே சிரித்துவிட்டார்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் போட்டியை டிவியில் காட்ட 2010ல் போட்ட 14 வருட ஒப்பந்தம் மட்டும் 1,080 கோடி டாலர். பயிற்சியாளர்களுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். ஆடுகிற பையன் மட்டும் 2021 வரை தன் பெயரை வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது. அதைத்தான் தூய்மை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, பையன்களும் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள். சந்தோஷம், அவர்கள் உழைப்பு அவர்கள் காசு. ஆனால் காசு இல்லாத ஆட்டம் என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள்.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரம் காரோட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால், யாரைப் பார்க்கப் போனேனோ அவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தார், ஓய்வாம். டிக்கெட் பணத்துக்கு மட்டும் ஓய்வு தருகிறார்களா என்ன. நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை ஆட்டங்கள் சிலவற்றில் யாருக்கும் அக்கறையே இருக்காது, 82 ஆட்டம் அதிகம்தான். ஆரவாரத்தில் கல்லூரிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. டியூக்கில் ஒரு ஆட்டத்துக்காகப் பையன்கள் வாரக்கணக்கில் புல்வெளியில் கூடாரம் போட்டுப் படுத்துக் கிடக்கிறார்கள். என் மகளும் அவள் தோழிகளும் போடுகிற சத்தத்தில் எனக்கே உடம்பு சிலிர்க்கும். சத்தம் ஆட்டமாகிவிடாது என்று சொன்னால் அவள் இரண்டு நாள் பேச மாட்டாள், அதனால் வீட்டில் சொல்வதில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

கட்டுரை எழுதியவரை ஜூன் மாத என்.பி.ஏ. இறுதிப் போட்டி பற்றியும் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டு சோபாவில் இடம் உண்டு. ஆட்டம் முடிய ராத்திரி பதினொன்று தாண்டிவிடும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேரி, வட கரோலினா