பக் வாங்கலாமா, ஷிட்சு வாங்கலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

பங்குனி பிறந்துவிட்டால் நம்ம கடையில் ஒரே கேள்விதான். பருத்திக்கொட்டை மூட்டை ஏற்ற வந்தவரும் கேட்கிறார், நாய்த் தீவனம் வாங்க வந்தவரும் கேட்கிறார். "ஏனுங்கக்கா, பையனுக்குப் பரீட்சை முடியப் போகுது. குட்டி நாயி ஒன்னு வாங்கித் தர்றோம்னு வாய் விட்டுட்டோம். பக்கு நல்லதுங்களா, ஷிட்சு நல்லதுங்களா?" கல்லாவில் நின்றபடி, பின்னால் இன்னொருவர் காத்திருக்க, இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பாதி சொல்லி அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்க மீதி பாதி மனதில் ஓடுகிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம கடையில் நாய்க்குட்டி விற்பதில்லை. முன்பக்கம் தீவனம், புண்ணாக்கு, தவிடு எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். பின்னறையில் நாய்களைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டுவது என் வேலை. நீங்கள் ஷிட்சு வாங்கினால் முடி வெட்ட அடிக்கடி என்னிடம் வருவீர்கள், பக் வாங்கினால் அவ்வளவாக வரமாட்டீர்கள். கீழே நான் ஷிட்சு பக்கம் சாய்ந்து பேசுவதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக் நமக்கெல்லாம் அறிமுகமானது 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில். சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடிய அந்தச் சுருக்க முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். மணி என்று பெயர். பதினோரு வருடம் எங்களோடு இருந்தது. நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படி, துணி காயப்போட மாடிக்குப் போனால் மாடி. மனிதர் மேல் அப்படி ஒரு பற்று. பிள்ளைகள் மேலே விழுந்து புரண்டாலும் பல்லைக் காட்டாது. ராத்திரி அது விடுகிற குறட்டை அடுத்த அறைவரை கேட்கும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம். நிம்மதியாகத் தூங்குகிறது என்றுதான் பத்து வருடம் நினைத்திருந்தோம். கடைசிக் காலத்தில் ஒரு கால்நடை மருத்துவர்தான் விளக்கினார்: மூக்குத் துவாரம் குறுகல், உள்ளே தொண்டைக்கு மேல் உள்ள சதை நீளம், அதைத் தள்ளிக்கொண்டு காற்று போகிற சத்தம்தான் அது. அந்தக் குறட்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு தாங்குவதில்லை.

இந்த மூக்குதான் விஷயமே. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கிற பெரிய வழி, நாக்கைத் தொங்கப் போட்டு இளைப்பது. உள்ளே போகிற காற்று ஈரமான மூக்கிலும் நாக்கிலும் பட்டுச் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும். மூக்கே இல்லாத அளவுக்கு முகத்தைத் தட்டையாக்கிவிட்டால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. நாட்டு நாய் புளிய மர நிழலில் பத்து நிமிடம் இளைத்துவிட்டு எழுந்து போகும். அதே வெயிலில் பக் இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கி, காற்று இன்னும் குறைந்து, சூடு இன்னும் ஏறும்.

போன சித்திரையில், தேர் நோம்பிக்கு முந்தின நாள், பூண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி ஸ்கூட்டரின் முன்தட்டில் பக்கை நிற்கவைத்து நகம் வெட்டக் கொண்டுவந்தார். மதியம் பன்னிரண்டரை இருக்கும். இறக்கும்போதே அதன் நாக்கு நாவப்பழம் தின்றது போல இருந்தது. எச்சில் நூல்நூலாக, கெட்டியாக ஒழுகிற்று. கால் நிற்கவில்லை. நகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தூக்கிக் குழாயடியில் போட்டு, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் விட்டு, மேசை விசிறியை நேராக வைத்து, அப்படியே ஈரத்தோடு காரில் ஏற்றி மருத்துவரிடம் ஓடினோம். அங்கே பார்த்தபோது 106 டிகிரிக்கு மேல். நாய்க்குச் சாதாரணமாக 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது. அந்தத் தம்பி மேல் தப்புச் சொல்லவே மாட்டேன், வெயில் இப்படிச் செய்யும் என்று குட்டி விற்றவர் அவருக்குச் சொல்லவேயில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள், வாயைத் திறந்து உள்ளே திணிக்காதீர்கள், புரையேறிவிடும். முதலில் உடம்பை நனைத்துக் காற்று விடுங்கள், பிறகு வண்டி.

ஷிட்சுவுக்கும் மூக்கு குட்டைதான். அதற்கும் நம்ம வெயில் ஆகாது, மதியம் வெளியே விடக்கூடாது. ஆனால் பக் அளவுக்கு மூச்சுக்குத் திணறுகிற ஷிட்சுவை என் மேசையில் நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். 2022-ல் லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் பக்குக்கு இந்த மூச்சடைப்பு நோய் வர வாய்ப்பு சுமார் 54 மடங்கு, கண்ணில் புண் வர வாய்ப்பு 13 மடங்கு என்று கண்டார்கள். அது அங்கே, அந்தக் குளிர் நாட்டில். நம்ம தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், இந்தச் சூட்டுக்குப் பொருந்தாதவை என்று இனப்பெருக்கம் செய்யக்கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்டோடு பக்கையும் சேர்த்திருந்தார்கள்.

ஷிட்சுவின் கதை வேறு. பெயருக்குச் சீன மொழியில் சிங்கம் என்று பொருள். திபெத்திலிருந்து வந்த நாய்களின் வழியில், சீன அரண்மனையில் மடியிலேயே வளர்ந்த இனம். நான்கிலிருந்து ஏழு கிலோ. பக் கட்டை குட்டையாக ஆறிலிருந்து எட்டு கிலோ வரும். ஷிட்சுவின் முடி அவ்வளவாகக் கொட்டாது, மனிதர் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். பக்குக்கு முடி குட்டைதானே, தொல்லை இல்லை என்று நினைக்கிறவர்கள் அதிகம். நேர்மாறுங்க. வருடம் முழுக்கக் கொட்டும். கருப்புப் பேன்ட், சோபா, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும்.

கொட்டாத முடிக்கு வேறு விலை உண்டு. தினமும் பத்து நிமிடம் இரும்புச் சீப்புப் போட வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் போதாது, காதுக்குப் பின்னால், அக்குளில், பட்டை உராய்கிற நெஞ்சில், வேர்வரை சீப்பு போக வேண்டும். ஒரு வயதை ஒட்டிக் குட்டிமுடி போய்ப் பெரிய முடி வரும்போது, நேற்றுச் சீவியது இன்றைக்குச் சிக்காகிவிடும். அப்போதுதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். இரண்டு மாதம் சீவாமல் என்னிடம் வந்த ஒரு ஷிட்சுவுக்கு மெஷினை ஓட்டியபோது, முடி தனித்தனியாக விழவில்லை, செம்மறிக் கம்பளி போல ஒரே பாளமாகக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. காது மடிப்பில் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, அளவுக்கு ரத்தம் குடித்த உண்ணிகள் வரிசையாக இருந்தன. வீட்டம்மா நல்லவங்க, வாரம் தவறாமல் தண்ணி வாத்திருக்காங்க. அதுதான் தப்பாகப் போயிற்று. சிக்கை எடுக்காமல் நனைத்தால் சிக்கு இறுகும். முதலில் சீப்பு, பிறகுதான் தண்ணீர், பிறகு அடிவரை உலர்த்துவது. இறுகின சிக்கை வீட்டில் கத்தரியால் வெட்டவும் வேண்டாம். தோல் சிக்குக்குள்ளே இழுபட்டு நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள்.

நம்ம ஊருக்கு நீளமுடி வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிட்டால் சீப்பு வேலை பாதியாகும், உண்ணியும் கண்ணுக்குத் தெரியும். ஆசைக்குத் தலையில் கொஞ்சம் வைத்துக் குடுமி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்குக்கு வேலை முகத்தில். மூக்கு மேல் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், உள்ளே பழுப்பாகப் பசை மாதிரி இருக்கும், புளித்த மாவு வாசம் அடிக்கும். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்குத் துணி தேட வேண்டியதில்லை, வெள்ளைப் பனியன் வேஸ்ட்டே போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒரு துடைப்பு, காய்ந்த துணியில் இன்னொரு துடைப்பு. ஈரத்தோடு விட்டால் துடைக்காததைவிட மோசம். இரண்டு இனத்துக்குமே கண் வெளியே தள்ளி நிற்கும், பிடரியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, கழுத்துப் பட்டையும் வேண்டாம், நெஞ்சுப் பட்டை போடுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாலோ காலால் தேய்த்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஆக, இரண்டுக்கும் உழைப்பு உண்டு. ஷிட்சுவின் தொல்லையில் பெரும்பங்கு சீப்புக்கும் கத்தரிக்கும் கட்டுப்படும். பக்கின் தொல்லையில் பெரும்பங்கு மூச்சுக் குழாயில் இருக்கிறது, அங்கே நம்ம கை எட்டாது. மணியை நான் அவ்வளவு நேசித்தேன், இருந்தும் இன்னொரு பக் குட்டி வாங்கமாட்டேன். யாராவது வளர்க்க முடியாமல் விடுகிற பெரிய பக் இருந்தால், அதை எடுத்துக் குளிர்ந்த அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள உங்களால் முடிந்தால், அது புண்ணியமான காரியம். தாராளமாகச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வீட்டில் யார் இருப்பார்கள்? கணவனும் மனைவியும் காலையில் கம்பெனிக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற வீடு, மேலே தகரக் கொட்டகை அல்லது ஓடு வேயாத மொட்டை மாடி என்றால் இரண்டுமே வேண்டாமுங்க. அம்மிச்சியோ அப்பாரோ வீட்டோடு இருந்தால் ஷிட்சு அவர்களுக்கு நல்ல துணை. தோட்டத்துச் சாளையில் காவலுக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் பதில். பாம்பும் உண்ணியும் வெயிலும் உள்ள இடத்துக்கு நாட்டு நாய்க்கு ஈடு கிடையாது. வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஷிட்சு குட்டியைப் பிள்ளை கையில் தனியாக விடாதீர்கள், கட்டிலிலிருந்து நழுவினாலே கால் முறியும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்ம ஆட்கள் பாசத்தில் செய்கிற தப்பு ஒன்று. கறி ஆக்கின அன்று குழம்பில் பிசைந்து ஒரு வாய். பள்ளிபாளையம் சிக்கன் மிச்சத்தில் ஒரு வாய். சின்ன வெங்காயமோ பெரிய வெங்காயமோ, பச்சையோ வதக்கியதோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயாசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடவே கூடாது. பக் எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். கொழுப்பு ஏற ஏறக் கழுத்துக்குள் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். தடவினால் விலா எலும்பு கையில் படவேண்டும், அதுதான் அளவு.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017 மத்திய அரசு விதியே இருக்கிறது. போனில் படம் பார்த்துப் பணம் போட்டு, பஸ்ஸில் கூடையில் வரவழைக்காதீர்கள். நேரில் போய்த் தாயைப் பாருங்கள். தாய் சும்மா படுத்திருக்கும்போதே கர்புர் என்று மூச்சு விட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குட்டியின் மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா, நகக்கீறல் போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையில் மருத்துவர் கையெழுத்து இருக்கவேண்டும். ஊசித் தவணைகள் முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது, ரத்தக் கழிச்சல் ஒன்று போதும் மூன்றே நாளில் கொண்டுபோய்விடும்.

லீவு விட்டதும் சித்திரையிலேயே வாங்கவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். முடிந்தால் ஆனி, ஆடிக் காற்று வீச ஆரம்பிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு ஷிட்சுவும் வயதான ஒரு பக்கும் வாடிக்கையாக வரும். அவற்றின் வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார்கள். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சீப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு காதைச் சீவச் சொல்லுங்கள். பக் மூச்சு விடுகிற சத்தத்தையும் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு அறிவிப்பு. வைகாசி முடியும்வரை குட்டை மூக்கு நாய்களுக்குக் குளியலும் முடிவெட்டும் காலை ஏழிலிருந்து பத்து மணிவரை மட்டும். பத்துக்கு மேல் கொண்டுவந்தால் தண்ணீர் காட்டி நிழலில் வைத்திருந்து, வெயில் தாழத்தான் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
பின்னறை மேசையிலிருந்து உங்கள் அக்கா
அவிநாசி