தொப்பி ஒன்றும் வாங்காத ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

கடந்த ஓராண்டில் செயற்குழு 6 முறை கூடியது. பள்ளி மாணவர்களுக்காக ஒரு நாள் கண்காட்சி நடத்தினோம். அன்று மழை, இருந்தும் கூட்டம் மோசமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அந்தக் கணக்கில் ஒரு வரி உங்கள் கண்ணை உறுத்தும் என்பது எனக்குத் தெரியும். சங்க நிதியில் இந்த ஆண்டு ஒரு ராணுவத் தொப்பிகூட வாங்கவில்லை. வாங்கியதெல்லாம் புத்தகம், அப்புறம் அவற்றை வைக்க ஒரு பழைய இரும்பு பீரோ. "இது சேகரிப்பாளர் சங்கமா, வாசகசாலையா?" என்று போன கூட்டத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதிலேயே இந்த அறிக்கையின் பெரும்பகுதி போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருத்தமான செய்தி ஒன்று. நாம் எல்லாரும் வாத்தியார் என்றே கூப்பிட்ட மூத்த உறுப்பினர் ஆவணியில் காலமானார். அவருடைய தொப்பிகளைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள், அதுதான் முறை. புத்தகங்களை மட்டும் இரண்டு டிரங்குப் பெட்டியில் போட்டு நம்மிடம் கொடுத்தார்கள். திறந்தால் நாப்தலின் வாசனை. ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சிலில் பொடி எழுத்து. அந்தப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிய ஒரு வாரத்தில்தான் நாம் இத்தனை வருடம் எவ்வளவு குருட்டாம்போக்கில் வாங்கியிருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

உதாரணத்துக்கு நம் உறுப்பினர் ஒருவரின் ஜெர்மன் பிக்கல்ஹௌபெ. உச்சியில் கூர்முனை வைத்த அந்தத் தோல் தலைக்கவசத்தை அவர் கண்காட்சியிலும் வைத்தார், பலரும் பார்த்திருப்பீர்கள். 1870-ஆம் ஆண்டு பிரான்சுப் போரில் போட்டது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், விலையும் அந்தக் கதைக்கேற்றபடிதான். முன்பக்கத் தகட்டில் கேடயத்தைத் தாங்கும் இரண்டு சிங்கங்கள், அதாவது ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பவேரியா. வாத்தியாரின் புத்தகத்தில் பவேரியப் பகுதியைப் பிரித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. இன்னொரு ஜெர்மன் அரசான பிரஷ்யா 1842-லேயே கூர்முனைத் தலைக்கவசத்துக்கு மாறிவிட்டது. பவேரியப் படையோ 1886 வரை உச்சியில் கம்பளிப்புழு படுத்திருப்பது போன்ற ரவுப்பன்ஹெல்மைத்தான் போட்டது. 1870 போருக்கு இந்தச் சிங்கத் தலைக்கவசம் போயிருக்க வழியே இல்லை. அடுத்த பக்கத்தில் இன்னொரு அடி காத்திருந்தது. வலக்காதுப் பக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டச் சின்னம் இருக்கிறதல்லவா, பேரரசுக்குரிய அந்தக் காக்கேட் 1897-இல்தான் வந்தது. ஆக நம் நண்பர் வாங்கியது அசல் பொருள்தான், வயதில் மட்டும் குறைந்தபட்சம் 27 வருடம் இளையது. விற்றவரிடம் கேட்டதற்கு, "எனக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்று பதில் வந்ததாம்.

புத்தகம் இல்லாமல் ஏமாறுவது ஒரு வகை. புத்தகம் இல்லாமல் நல்ல பொருளை விட்டுவிடுவது இன்னொரு வகை, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதில் குற்றவாளி நானே. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் ஜெர்மன் எஃகுத் தலைக்கவசம் ஒன்று கையில் கிடைத்தது. உட்பக்கம் இடது விளிம்போரம் ‘ஈடி64’ என்று அச்சு குத்தியிருந்தது. 64 என்றால் 1964, போருக்குப் பிந்தைய நகல், நம்மை ஏமாற்ற முடியுமா என்று ஒரு மிதப்போடு திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ஈடி என்பது தாலே ஊரின் இரும்பாலை என்பதும், 64 என்பது எஃகுக் கூட்டின் அளவு என்பதும், அதற்குள் 56 அல்லது 57 செ.மீ. தலைக்கான உள்வார், அதாவது தலையைச் சுற்றி உட்காரும் உட்பட்டை, பொருந்தும் என்பதும் இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிரிட்டிஷ் தொப்பிச் சின்னம் சேர்ப்பவர்கள் நம்மில் அதிகம் என்பதால், அந்தச் சின்னங்களைப் பற்றி கிப்ளிங், கிங் இருவரும் தொகுத்த புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் வாங்கினோம். உலகம் முழுக்க வியாபாரிகள் சின்னத்தை அந்தப் புத்தகத்தின் வரிசை எண்ணைச் சொல்லியே விற்கிறார்கள். எண் தெரியாதவர் சந்தையில் ஊமை மாதிரி நிற்க வேண்டியதுதான். சின்னத்தில் உள்ள கிரீடத்தை வைத்துக் காலம் சொல்வது நமக்கும் பழக்கம்தான். விக்டோரியா கிரீடம் என்றால் 1901 வரை, அதற்கப்புறம் அரை நூற்றாண்டு டியூடர் கிரீடம், எலிசபெத் அரசி வந்ததும் செயின்ட் எட்வர்ட் கிரீடம். 2022-இல் மூன்றாம் சார்லஸ் மறுபடி டியூடர் கிரீடத்துக்கே திரும்பிவிட்டார். இனி அந்தக் கிரீடத்தைப் பார்த்ததும் இரண்டாம் உலகப் போர் என்று துள்ளாதீர்கள். உலோகம், பின்பக்கக் கொக்கி, அச்சின் கூர்மை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம்மூர் வீடுகளிலிருந்து அதிகம் வருவது வெயில் தொப்பி. கண்காட்சிக்கு ஒரு பெரியவர் தம் தாத்தாவுடையது என்று ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வோல்ஸ்லி ராணுவத் தொப்பியா, சாதாரண சோலா தொப்பியா என்று மேசையில் சண்டையே வந்துவிட்டது. வோல்ஸ்லியின் உடல் கார்க் மரப்பட்டை. சோலா தொப்பியோ, தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அந்த நெட்டி இனம். தமிழில் இரண்டையும் தக்கை என்று சொல்லிவிடுகிறோம், குழப்பத்தில் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்வாரை மெதுவாக ஒதுக்கி, துணி பிய்ந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பழுப்பாகப் பொரி பொரியாக இருந்தால் கார்க். இது வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தது. நெட்டி! பெரியவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "அதான் இவ்வளவு லேசா இருக்கா" என்று தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இப்படிச் சொல்வதால் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கான 1900-ஆம் ஆண்டு உடை விதிகளின் மறுபதிப்பு நம் பீரோவில் இருக்கிறது. என்ன போட வேண்டும் என்று அது கச்சிதமாகச் சொல்லும். ஆனால் அதிகாரிகள் தம் சொந்தக் காசில் தமக்குப் பிடித்த கடையில் வாங்கினார்கள். தொப்பிக்கடைக்காரர் கைவண்ணத்துக்கு விதி ஏது? விதியோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பொருளைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பழைய புத்தகங்களில் படங்கள் கறுப்பு வெள்ளை, காக்கேட் நிறத்தை அதில் எங்கே பார்ப்பது? போதாக்குறைக்கு, போலி செய்கிறவர்களும் இதே புத்தகங்களைத்தான் படிக்கிறார்கள், நம்மைவிடக் கவனமாக.

அதனால்தான் வாத்தியாரின் பென்சில் குறிப்புகளை அழிக்கக் கூடாது என்று செயற்குழுவில் நான் பிடிவாதம் பிடித்தேன். பொது நூலகப் புத்தகத்தில் கிறுக்கல் இருக்கலாமா என்று இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஒரு பிக்கல்ஹௌபெ படத்துக்குக் கீழே அவர் எழுதியிருப்பது இது: "கையில் எடுத்துப் பார்த்தேன். உட்தோல் புதிது. ஓடு பழையது." எந்தப் பதிப்பகமும் இதை அச்சிட்டுத் தராது. கடைசியில் குறிப்புகள் அப்படியே இருக்கட்டும், புதிதாக யாரும் எழுதக் கூடாது, எழுத நினைப்பவர்களுக்குத் தனி நோட்டு வைப்பது என்று முடிவாயிற்று. நோட்டு வாங்கிவிட்டோம். இதுவரை ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது, அதுவும் ஈடி64 பற்றி நான் எழுதியது.

வெளிநாட்டுப் புத்தகங்களுக்குத் தபால் செலவே புத்தக விலையைத் தொட்டுவிடுகிறது. வரும் ஆண்டில் யாராவது உறவினரைப் பார்க்க வெளிநாடு போனால் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள், பட்டியல் தருகிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிடுங்கள். பீரோ சாவி ஞாயிறு காலை 10 முதல் 12 வரை என்னிடம் இருக்கும்.

ஒரே ஒரு குறை. கிப்ளிங், கிங் இரண்டாம் தொகுதி தை மாதத்திலிருந்து பீரோவில் இல்லை. வழங்கல் பதிவேட்டில், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் "நாளை தந்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்துதான். அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் வந்து பார்க்கட்டும்.

நன்றி.

செயலாளர்