போறவனைச் சொல்லிட்டுப் போக விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை ரொம்ப வருசமா படிக்கிறவன், லெட்டர் எழுதுறது இதுதான் மொத தடவை. நல்ல தமிழ்ல எழுதலாம்னு உக்காந்தேன், ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டாச்சு, வரலை, அதனால பேசுற மாதிரியே எழுதிட்டேன், நீங்க திருத்திப் போட்டாலும் சரிதான், சாமியார் படிப்புல இருந்து பாதில அனுப்புற பசங்களைப் பத்தின விஷயம் இது, அதை மட்டும் குறைச்சுடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை ஞானஒளிவுபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடில பதினோரு பேரு கூடுனோம். எல்லாரும் 1982ல மதுரைக்குப் பக்கத்துல ஒரு இளங்குருமடத்துல, அதான் கத்தோலிக்கச் சாமியாராகப் பசங்களைச் சின்ன வயசுலயே பழக்குற எடத்துல, ஒன்பதாங்கிளாஸுக்குச் சேந்தவங்க, சாமியாரா போகணும்னு வீட்டுல நேந்து விட்டவங்க பாதி, நல்ல பள்ளிக்கூடமும் மூணு வேளை சோறும் கெடைக்கும்னு வந்தவங்க பாதி. நான் ரெண்டாவது வகை, மறைக்க என்ன இருக்கு, எங்க ஊரு ராமநாதபுரம் பக்கம் வானம் பாத்த பூமி, மிளகாயும் மல்லியும் போட்டா மழை வந்தாத்தான் காசு, வீட்டுல பிள்ளைங்க அஞ்சு. பங்குச்சாமி வந்து எங்கப்பாகிட்ட கேட்டப்ப அப்பா ஒரு நிமிசம் கூட யோசிக்கலை, அம்மாதான் கண்ணத் தொடச்சுக்கிட்டு சிகப்பு நூல்ல என் சட்டை டவுசர் போர்வை எல்லாத்துலயும் 43னு தைச்சுக் குடுத்தாங்க. அது துணி துவைக்கப் போடுற நம்பர். எந்தக் குருமடம், எந்தச் சபைன்னு எழுதலை, பேரைப் போட்டு யாரையும் சந்தி சிரிக்க வைக்க நான் இதை எழுத உக்காரலை.

மாடில சாம்பாரும் உருளைக்கெழங்குப் பொரியலும் சாப்பிட்டுக்கிட்டே பழைய கதை பேசுனோம், அம்புட்டுப் பேரும் அறுவது வயசை நெருங்குறவங்க, ஆனா ஒருத்தன் சும்மா விளையாட்டுக்கு "பெனடிக்காமுஸ் தோமினோ"ன்னு சத்தம் குடுத்தான் பாருங்க, அத்தனை பேரும் வாயில சோத்தோட "தேயோ கிராசியாஸ்"னு சொல்லிட்டோம். காலைல அஞ்சு மணிக்கு எங்களைப் பாத்துக்குற பிரதர் மணி அடிச்சுக்கிட்டே படுக்கை வரிசைல வந்து அதைத்தான் சொல்லுவாரு, ஆண்டவரை வாழ்த்துவோம்னு அவரு சொல்ல கடவுளுக்கு நன்றின்னு நாங்க சொல்லணும், சொல்லி முடிக்கிறப்ப கால் தரைல இருக்கணும். அப்புறம் பச்சைத் தண்ணிக் குளியல், தியானம், பூசை, அதுக்கப்புறம்தான் வாயத் தொறக்கலாம். ராத்திரி செபம் முடிஞ்சதுல இருந்து மறுநாள் பூசை முடியிற வரைக்கும் பெரிய மௌனம், தேள் கொட்டுனாக்கூட கைய ஆட்டித்தான் காட்டணும். சாப்பாட்டு நேரத்துலயும் பேச்சு கெடையாது, ஒருத்தன் மேடையில நின்னு புனிதர் வரலாறு வாசிப்பான், திருநாள்னா மட்டும் குருமடத்துக்குத் தலைவரான அதிபர் சாமி சின்ன மணிய ஒரு தட்டு தட்டி தேயோ கிராசியாஸ்னு சொல்லுவாரு, அப்ப கெளம்பும் பாருங்க சத்தம், கூரையே பிச்சுக்கிட்டுப் போகும்.

இங்கிலீஷ் நாள்னு வாரத்துல மூணு நாளு. யார் தமிழ்ல பேசுனானோ அவன் கையில ஒரு மரக்கட்டை வந்து சேரும், அவன் அடுத்து தமிழ் பேசுறவனைப் பிடிச்சு அவன்கிட்ட தள்ளி விடணும், ராத்திரி கட்டை யார்கிட்ட இருக்கோ அவனுக்கு முட்டி போடுற தண்டனை. இப்ப நெனச்சா அதுல எனக்குப் பிடிக்காதது முட்டி வலி இல்ல, ஒருத்தனை ஒருத்தன் ஒட்டுக்கேக்க வச்சாங்கல்ல, அதுதான்.

நல்லதும் நெறைய இருந்துச்சு, அதைச் சொல்லாம விட்டா பாவம். ஹார்மோனியம் வாசிக்க அங்கதான் கத்துக்கிட்டேன். ஒரு வேலைய எடுத்தா முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கிற பழக்கம் அந்த ஸ்டடி ஹால்ல வந்ததுதான், என் பிள்ளைங்களை அதை வச்சுத்தான் படிக்க வச்சேன். எனக்கு அம்மை போட்டப்ப யாரும் கிட்ட வராம இருந்த அந்த ரூம்ல அதிபர் சாமி தானே வந்து வேப்பிலை விரிச்சு கஞ்சிய ஸ்பூன்ல ஊட்டி விட்டாரு, பதிமூணு நாளு. அதே மனுசன்தான் நாங்க வீட்டுக்கு எழுதுற இன்லண்டு லெட்டரை ஒட்டாமக் குடுக்கச் சொல்லி படிச்சுட்டு ஒட்டுவாரு, வீட்டுல இருந்து வர்றதையும் பிரிச்சுட்டுத்தான் தருவாரு. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காதான் வாசிச்சுக் காட்டுவாங்க, ஆக நான் எழுதுனது எங்கம்மா காதுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு படிச்சாச்சு. அதனால "நான் நல்லா இருக்கேன், எல்லாரும் நலமா"ங்கறதைத் தவிர நாலு வருசத்துல நான் வேற எதுவுமே எழுதலை.

தனி சிநேகம் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. ரெண்டு பேரு மட்டும் சேந்து நடக்கக்கூடாது, மூணு பேராவது இருக்கணும். அப்படியும் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், பக்கத்துக் கட்டில், நம்பர் 44, திருவாடானைப் பக்கத்துப் பையன். அவங்க ஊருல இருந்து ஓரியூரு கிட்டத்துல. போர்ச்சுகல்ல இருந்து வந்த புனிதர் அருளானந்தர் சாமியை 1693ல வெட்டுன எடம், அந்தச் செவப்பு மண்ணை ஒரு மருந்து டப்பால போட்டு வச்சிருந்தான், எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தில பூசி விடுவான்.

நான் இந்த லெட்டரை எழுதுறதே அவனுக்காகத்தான்.

பத்தாங்கிளாஸ் அரைப்பரிச்சை முடிஞ்சு கொஞ்ச நாளுதான் இருக்கும். காலைல மணி அடிச்சு எந்திரிச்சா 44 கட்டில் காலி. பாயும் தலைகாணியும் இல்ல, தகரப்பெட்டி இல்ல, செருப்பு இல்ல. பூசைல அவன் எடத்துல ஒருத்தனைத் தள்ளி உக்கார வச்சுட்டாங்க, சாப்பாட்டுல அவன் தட்டு இருந்த எடம் அடைஞ்சு போச்சு, மத்தியானத்துக்குள்ள அப்படி ஒரு பையன் அங்க இருந்ததுக்கு அடையாளமே கெடையாது. பிரதர்கிட்ட மெதுவாக் கேட்டேன், "அவனுக்கு அழைத்தல் இல்ல, நீ உனக்காகச் செபம் பண்ணு"ன்னாரு, அவனைச் சாமியாராகக் கடவுள் கூப்பிடலைன்னு அர்த்தம். எல்லாரையும் அப்படித்தான் அனுப்புவாங்க. ராத்திரி செபத்துக்கப்புறம் அதிபர் ரூமுக்குக் கூப்பிடுவாங்க, விடியிறதுக்குள்ள மொத பஸ். மத்த பசங்க மனசு கலைஞ்சுடும்னு காரணம் சொல்லுவாங்க. எங்க பேட்ச்ல சேந்தது 31 பேரு, சாமியாரானது நாலு பேரு, மிச்சம் 27 பேரும் இப்படித்தான் ஒவ்வொருத்தனா ராத்திரில காணாமப் போனோம்.

என் முறை ப்ளஸ் டூ பரிச்சை முடிஞ்ச அன்னைக்கு வந்துச்சு. பெட்டிய வாட்ச்மேன் தாத்தா தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டாரு, அவரு ஒருத்தருதான் என் தலைய தொட்டு "நல்லா இருப்ப போப்பா"ன்னாரு. ஊருல போய் எறங்குனா டீக்கடைல இருந்து வீடு வரைக்கும் ஒரே கேள்வி, "என்ன தப்பு பண்ணுன?" அப்பா ஆறு மாசம் பேசலை. அக்காவுக்குப் பேசி வச்சிருந்த எடம் கூட நழுவிப் போச்சு, மடத்துல இருந்து வெரட்டுன பய வீடுன்னு சொன்னாங்களாம். எனக்கே தெரியாதுங்கய்யா என்ன தப்பு பண்ணேன்னு. பாவசங்கீர்த்தனத்துல, அதான் சாமியார்கிட்ட ரகசியமாப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்குறதுல, சொன்னதை வச்சு அனுப்பிட்டாங்களோ, எங்களுக்கு ஆன்மீக வழி காட்டுற ஆன்ம குருகிட்ட மனசு விட்டு ஏதோ ஒளறிட்டேனோன்னு வருசக்கணக்கா அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதுக்கப்புறம் கோயிலுக்குப் போனாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டி பக்கம் போகவே மாட்டேன். ரொம்ப நாள் கழிச்சு எங்க பேட்ச்ல சாமியாரானவன்தான் சொன்னான், மாப்ள அப்படி நடக்கவே கூடாது, ஒருத்தனை அனுப்பறதா வேணாமான்னு முடிவெடுக்கறப்ப ஆன்ம குருகிட்டயும் பாவசங்கீர்த்தனம் கேட்டவருகிட்டயும் கருத்தே கேக்கக்கூடாதுன்னு 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துல 240வது பிரிவுல இருக்குன்னு. இந்த ஒரு வரிய அன்னைக்கு ராத்திரி அதிபர் ரூம்ல எனக்கு யாராவது சொல்லியிருந்தா என் வாழ்க்கைல எத்தனை வருசம் மிச்சமாயிருக்கும்.

இப்ப மாடிக்கு வர்றேன். 44 வந்திருந்தான். நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு அவனைப் பாத்து, கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆயிட்டானாம், தலை முழுக்க வெள்ளை. அந்த வருசம் நடுவுல வெளிய அனுப்புனதால எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்கலை, பப்ளிக் பரிச்சை எழுத முடியலை, ஒரு வருசம் மிளகாய்த் தோட்டத்துல வேலை பாத்துட்டு அடுத்த வருசம் தனியாக் கட்டி எழுதியிருக்கான். எல்லாத்தையும் சாதாரணமாச் சொல்லிக்கிட்டே வந்தவன் என்னைப் பாத்து கேட்டான், "டேய் 43, நான் பாயச் சுருட்டுனப்ப நீ முழிச்சுத்தான இருந்த?"

முழிச்சுத்தான் இருந்தேன். அவன் பெட்டியத் தூக்குன சத்தத்துல முழிச்சுட்டேன், இருட்டுல என் கட்டில்கிட்ட அவன் நின்னதும் தெரியும், ரொம்ப நேரம் நின்னான். பெரிய மௌனம். பேசுனா தப்பு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். சட்டத்தை மீறக்கூடாதுன்னு அம்புட்டு பயம், பதினஞ்சு வயசுப் பயலுக்கு. அவன் போனதுக்கப்புறம் என் தலைமாட்டுல தடவுனா அந்த மருந்து டப்பா இருந்துச்சு. அன்னைக்கு மாடில அத்தனை பேரு முன்னாடி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சுடுறான்னு கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை, எனக்கு மோர் ஊத்திக் குடுத்தான்.

ஏன் இப்ப இதை எழுதுறேன்னா, இது மே மாசம். பத்து, ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரம், தேவ அழைத்தல் முகாம் நடக்குற நேரம், எங்க பக்கத்துல இருந்தே ரெண்டு பையன் போறான். போகட்டும், நான் தடுக்க மாட்டேன், என் பையன் ஆசைப்பட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போய் விட்டிருப்பேன். குருப்பட்டம் வாங்க 25 வயசு ஆகணும்னு திருச்சபையே வச்சிருக்கு, பதினஞ்சு வயசுல உள்ள போறவனுக்கு யோசிச்சுப் பாக்க பத்து வருசம் குடுத்திருக்குன்னுதான அர்த்தம், அப்புறம் அந்தப் பத்து வருசத்துல வேணாம்னு தெரிஞ்சுக்கிட்டவனை திருடன் மாதிரி எதுக்கு இருட்டுல அனுப்பணும்? 1965லயே உலகத்துக் கத்தோலிக்க ஆயருங்க கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல குருக்கள் பயிற்சியைப் பத்தின ஏட்டுல எழுதி வச்சிருக்காங்க, இளங்குருமடப் பசங்க அவங்க வயசுக்குத் தக்கன வாழணும், பெத்தவங்களும் கூட நிக்கணும், வேற வாழ்க்கையத் தேடிப் போனா வேற எடத்துல சிரமமில்லாமப் படிப்பைத் தொடர முடியிற மாதிரி படிப்பு இருக்கணும்னு. எங்க 44க்கு அது நடந்தப்ப அந்த ஏடு வந்து பதினெட்டு வருசம் ஆயிருந்துச்சு.

இப்ப எவ்வளவோ மாறியிருக்குன்னு எங்க சாமியார் நண்பன் சொல்றான், லெட்டரைப் பிரிக்கிறதெல்லாம் இல்ல, போன்ல பேச விடுறாங்களாம். சந்தோசம். ஆனா போறவனைச் சொல்லிட்டுப் போக விடுறீங்களான்னு கேட்டேன், "அது எடத்துக்கு எடம் மாறும்டா"ன்னான். அது மாறக்கூடாதுங்கறதுதான் என் கோரிக்கை. பகல்ல அனுப்புங்க, அப்பா அம்மாவ வரச் சொல்லி பக்கத்துல உக்கார வச்சு காரணத்தைச் சொல்லி, நடு வருசமா இருந்தா பரிச்சை முடியிற வரைக்கும் அங்கயே தங்கிப் படிக்க விட்டு, பசங்களோட ஒரு வேளை சாப்பிட வச்சு அனுப்புங்க. தமிழ்ல நாம போறேன்னு கூட சொல்றதில்ல, போயிட்டு வர்றேன்னுதான் சொல்றோம், அந்த ஒரு வார்த்தையச் சொல்ல விடுங்க. முடிஞ்சா பங்குச்சாமி அந்த ஞாயித்துக்கிழமை பூசைல "இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, இத்தனை வருசம் முயற்சி பண்ணி வந்திருக்கான்"னு ரெண்டு வார்த்தை சொன்னா ஊரு வாய் தானா அடைஞ்சுடும். இது குருமடத்துக்கு மட்டும் சொல்லலை, காஜிமார் தெருவுல எனக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தரு குர்ஆன் மனப்பாடம் பண்ணப் போய் அதுல இருக்கற முப்பது ஜுஸ்வுல, அதான் முப்பது பாகத்துல, பன்னெண்டோட திரும்பி வந்தவரு, அந்தப் பன்னெண்டை மெச்சுனவன் ஊருல ஒருத்தன் கூட இல்லன்னு இன்னைக்கும் கண் கலங்குவாரு.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு. பிள்ளை பெட்டியோட வந்து வாசல்ல நின்னா மொதல்ல சோத்தப் போடுங்க. என்ன தப்பு பண்ணுனன்னு கேக்காதீங்க. அங்க இருக்கறப்ப வாரம் ஒரு தடவையாவது யாரும் பக்கத்துல நிக்காம உங்ககிட்ட போன்ல பேச முடியுதான்னு பாத்துக்கங்க. 1098ங்கற குழந்தைங்க உதவி நம்பரை நோட்டுல எழுதிக் குடுத்து விடுங்க, சாமியார் பயிற்சியா இருந்தாலும் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவன் பிள்ளைதான.

கடைசியா, எங்க 31 பேருல ஆறு பேரு எங்க இருக்காங்கன்னே தெரியலை. நம்பர் 29, 36, 38, 47, 51, 60. நீங்க உங்க பேப்பர்ல இதைப் போட்டா அவங்க கண்ணுல பட வாய்ப்பிருக்கு. டேய், நீங்க எதுக்குப் போனீங்கன்னு எங்களுக்குத் தெரியாது, யாரும் கேக்கவும் மாட்டோம். அடுத்து நாங்க ஓரியூர்ல கூடுறோம், பிப்ரவரி 4, அருளானந்தர் திருநாள். காலைப் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிப்போம், 44 தான் எல்லாருக்கும் சாப்பாடு போடுறான்.

இப்படிக்கு,
பழைய நம்பர் 43,
ஞானஒளிவுபுரம், மதுரை