கேபிளுக்கு இரண்டு வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்களையும் ஆய்வு மையங்களையும் அதிவேக இணைப்பில் கோக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தார்கள். அருமையான திட்டம். ஆனால் அதை வடிவமைப்பவர்கள் எங்கள் கடற்கரையையும் நினைக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒற்றைக் கேபிளை நம்பியிருக்கும் கல்லூரி அப்படியொரு நாளில் தனித்தீவுதான். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரி எல்லாவற்றையும் வளையமாக இணைத்து, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு போகும்படி செய்ய வேண்டும்; கேபிளையும் மண்ணுக்கடியிலேயே பதிக்க வேண்டும்.

இன்னொன்று: என் மகள் படிக்கும் கல்லூரியில் வாசல்வரை வந்த வேகம் ஆய்வகத்துக்குள் வரவில்லை. உள்ளே கணினிகளை வலையமைப்போடு இணைக்கும் சுவிட்ச் கருவிகள் பழையவை. அவற்றை மாற்றவும் நிதி வேண்டும்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்