கேபிளை மாற்றுவதற்கு முன்

கண்மணிக்கு,

கிளட்ச் பெடல் வரவர கனமாகிக்கொண்டே போகிறது, மெக்கானிக் கேபிளை எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் போட்டுவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. பெடல் கனக்கிறது என்றால் எங்கேயோ ஒரு பழுது இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஹைட்ராலிக்குக்கு மாறினால், செலவுதான் மிஞ்சும்.

முதலில் பெடலுக்கு மேலே, கேபிள் மாட்டியிருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பார். கம்பியில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடு. மீதி இழைகள் எப்போது அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இழை நன்றாக இருந்தால், கேபிள் போகும் வழி முழுக்கப் பார். எங்கேயாவது சட்டென்று மடங்கியிருக்கிறதா, சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதா?

அப்புறம், பலரும் பார்க்காமல் விடுகிற ஒன்று: இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். சில கார்களில் அந்த வழி கிளட்ச் கேபிளாக அமைந்துவிடும். அவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகி உள்ளே இருக்கும் நைலான் உறை உருகிவிடும். புதுக் கேபிள் போட்டும் கொஞ்ச நாளிலேயே மறுபடி இறுகினால், கேபிளைக் குறை சொல்லாதே, எர்த்தைப் பார்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனக்கிறதா? அப்படியானால் பழுது கியர்பாக்ஸ் பக்கம். கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க் திரும்பும் இடம் காய்ந்திருக்கலாம். இல்லையென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து, அதை அழுத்திப் பிடிக்கும் டயாஃப்ராம் ஸ்பிரிங் தன் பழைய நிலையிலிருந்து நகர்ந்திருக்கும். அந்த ஸ்பிரிங்கை அழுத்தவே அதிக விசை வேண்டும். ஹைட்ராலிக் போட்டாலும் நீ அழுத்தப்போவது அதே ஸ்பிரிங்கைத்தான்.

ஹைட்ராலிக்கில் பெடல் லேசாகும் என்பது பாதி உண்மை. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் 16 மி.மீ. விட்டம், ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் 20 மி.மீ. என்று வைத்துக்கொள். விசை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கிடைக்கும். ஆனால் மாஸ்டரில் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால், ஸ்லேவில் 16 மி.மீ. தான் நகரும். ஃபோர்க்குக்கு அதைவிட அதிகம் வேண்டியிருந்தால் கிளட்ச் முழுசாக விடாது, ரிவர்ஸ் போடும்போது பல் கரகரக்கும். கேபிள் காருக்குக் குத்துமதிப்பாக ஒரு மாஸ்டரும் ஸ்லேவும் பொருத்தினால் இதுதான் நடக்கும். கணக்குப் போட்டுச் செய்கிற ஆள் கிடைத்தால் வேறு விஷயம்.

ஹைட்ராலிக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணெய்க் குழாய் எந்த மூலைக்கும் வளைந்து போகும். கேபிளுக்கு அப்படி வளைந்தால் ஆகாது. பெரும்பாலான கார்களில் பிளேட் தேயத் தேய ஹைட்ராலிக் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் எனக்குக் கேபிள்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு, அதற்குக் காரணமும் இதுதான். கையால் சரிசெய்யும் கேபிளில் பிளேட் தேய்ந்தால் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்சைத் தொடுமுன் பெடல் சும்மா நகரும் தூரம், குறையும். உன் காலுக்கே அது தெரியும். ஹைட்ராலிக்கில் அந்தத் தகவல் வராது. ஒரு நாள் மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் சுற்றும், வண்டி ஏறாது. அப்போதுதான் தெரியும்.

ஹைட்ராலிக்கின் பழுதுகளும் மறைவானவை. அதில் ஊற்றும் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டர் உள்ளே அரித்து, ரப்பர் சீல் கிழியும். மாஸ்டர் கசிந்தால் பெடல் வழியாகக் கால்மிதி நனையும். ஸ்லேவ் கசிந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். சில கார்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பெடலை நாலு தடவை அடித்தால் சரியாகிறது, மறுபடி தொய்கிறது என்றால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது. இதை நினைவில் வை, என்றைக்காவது ஹைட்ராலிக் கார் உன் கைக்கு வரும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைப் பார். இன்ஜின் பின்னால், பெடல் முன்னால். நடுவே தரைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகக் கேபிள் வண்டியின் நீளம் முழுக்க ஓடுகிறது. அதுவே வேலை செய்யும்போது, உன் காரின் குட்டைக் கேபிள் லேசாக ஓடாமல் இருக்க நியாயமே இல்லை.

எர்த் பட்டையைச் சரிபார்த்த பிறகு புதுக் கேபிள் போடச் சொல். பீட்டிலில் பெடல் ஃப்ரீ பிளே 10 முதல் 20 மி.மீ. வைப்பார்கள். உன் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், அதையே வை. ஃப்ரீ பிளே கொஞ்சமும் இல்லாமல் இறுக்கிவிட்டால், ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும், கிளட்சும் வழுக்கும். பெடல் பக்கத்தில் பல்சக்கரம் வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால், அதில் கை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பெடல் எப்படி இருக்கிறது என்று எழுது. அப்போதும் கனத்தால் கியர்பாக்ஸை இறக்குவதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா